கடலுக்கப்பால் எஜமான் மாறலாமா?

யாழ்ப்பாணப் பட்டினத்தின் தென்புறத்தே, கடனீரேரிக் கரையை ஒட்டிக் கிடக்கிறது குருநகர். கரையூர் என்பது அதன் பழைய பெயர். முதியோர் வாயில் இன்றும் அப்பெயர் வரக் கேட்கலாம். எதிரே மண்டைதீவு. இறங்குதுறையிலே இழுவைப் படகுகள் ஒன்றோடொன்று உராய்ந்து நின்றன. வலையிற் சிக்கிய நண்டுகளைக் காலொடியாமல் பிரித்தெடுக்கும் கைகளின் வேகத்தைப் பார்த்தபடி, ஒரு ஞாயிறு மாலை நாம் அவ்வூர் ஒழுங்கைகளில் நடந்து சென்றோம்.

நாம் சென்றது நண்டு வாங்கவன்று. நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்திலே ஒரு வழக்கு விழுந்திருக்கிறது என்றும், நாம் வந்து ஒரு யோசனை கூறவேண்டும் என்றும் செய்தி வந்திருந்தது. நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கன்று அது. ஆயிரக்கணக்கான மைலுக்கப்பால் கட்டார் நாட்டிலே இருக்கும் மகனுக்கும் இங்கே இருக்கும் தாய்க்கும் இடையே ரெலிபோனிலே நடக்கும் வழக்கு.

“அவன் கொம்பனி மாறப்போறன் எண்டு நிக்கிறான், ஐயா. மாறலாமோ? மாறினால் பொலிசு பிடிச்சுப்போடுமோ?” என்று தாயார் கேட்டார்.

அவர் குரலில் இருந்த அச்சம் பொலிசைப் பற்றியது மட்டுமன்று என்பது சற்று நேரத்தில் விளங்கிற்று. மகனை அனுப்புவதற்காக அடகு வைத்த நகைகளிற் பாதிதான் மீண்டிருக்கின்றன. 2022ஆம் ஆண்டிலே மண்ணெண்ணெய் கிடையாது படகுகள் கரையிற் கிடந்தபோது, இனிக் கடலை நம்புவதில்லை என்று முடிவு செய்து புறப்பட்டவர்களுள் அப்பிள்ளையும் ஒருவன். அவ்வாண்டில் மட்டும் இலங்கையிலிருந்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்காகப் பதிவுசெய்து சென்றனர். இவன் அடுத்த அலையிலே சென்றவன். கட்டிடங்களைத் துப்புரவு செய்யும் ஒரு கொம்பனியில் இரண்டு வருடமும் மூன்று மாதமும் வேலை செய்துவிட்டான். அடிப்படைச் சம்பளம் 1,000 றியால். அண்மைக் காலமாக அச்சம்பளமும் மாதம் பிந்தி வருகிறது. அதே நகரில் ஒரு பண்டகசாலையிலே 1,500 றியாலுக்கு இடமொன்று வாய்த்திருக்கிறது. உடனுறையும் நண்பனோ, “இரவோடிரவாகப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு, பேப்பரைப் பிறகு பார்க்கலாம்” என்கிறானாம்.

அந்த வீட்டின் மூலையிலே சாய்மனைக் கதிரையில் இருந்த பாட்டனார் அதுவரை வாய் திறக்கவில்லை. நாற்பது வருடம் கடற்றொழில் செய்தவர். “எங்கட காலத்திலையும் இது இருந்ததுதானே?” என்று தொடங்கினார். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய ஒருவன் அதைத் தீர்க்காமல் வேறொரு சம்மாட்டியின் வள்ளத்தில் ஏறமாட்டானாம். ஏறினால் அன்றிரவே இரண்டு சம்மாட்டிமாரும் கோயில் வாசலிற் கதைத்து, எவர் எவ்வளவு கொடுப்பதென்று தீர்ப்பார்களாம். “ஆனால் ஆரும் எங்களை ஊரைவிட்டுத் துரத்தேல்லை. வேலை போனாலும் வீடு இருந்தது” என்று முடித்தார். முழுக் கட்டுரையிலும் நாம் விளக்க முயலும் பொருளை அக்கிழவர் ஒரு வசனத்திலே சொல்லிவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

நம் நாட்டுக்கும் இது பழைய கதையே. மலைநாட்டுத் தோட்டங்களிலே, தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் மத்தியில் ‘துண்டு’ என்றொரு முறை நிலவிற்று. கங்காணி மூலம் பெற்ற முற்பணம் தொழிலாளியின் பெயரிற் கடனாக நிற்கும். அவன் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்துவோரிடம் இவனை விடுவோம் என்று பழைய தோட்டத்துத் துரை ஒரு சிறு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கட்டிய தொகை மறுபடியும் தொழிலாளியின் கடனாக ஏறும். ஆள் மாறினான், கடனும் கூடவே நடந்து போயிற்று. முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கியவனைச் சிறையிலிட 1865ஆம் ஆண்டின் தொழிற் சட்டம் இடங்கொடுத்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிந்தது.

அந்நாட்களில் யாழ்ப்பாணத்து ஆங்கிலம் படித்த வாலிபர் மலாயா நாட்டுக்குச் சென்றனர். எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபர்களாகவும் பெரும்பாலும் அரசாங்க சேவையில் அமர்ந்து, முதுமையிலே பென்சனோடு திரும்பினர். எஜமானை மாற்றும் கேள்வி அவர்களுக்கு எழவில்லை. “இருக்கிற இடத்திலே பொறுத்து இரு” என்று நம் முதியோர் இன்றும் பிள்ளைகளுக்குக் கூறும் புத்திமதி அந்த மலாயாப் பென்சனிலிருந்து பிறந்ததென்றே நாம் எண்ணுகிறோம். துப்புரவுக் கொம்பனியிலே பென்சன் இல்லை.

வளைகுடா நாடுகளில் வழங்கும் முறைக்குக் ‘கபாலா’ என்று பெயர். பொறுப்பேற்றல் என்பது அச்சொல்லின் பொருள். அந்நாட்டவர் ஒருவரோ அங்குள்ள ஒரு நிறுவனமோ வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் பொறுப்பாளியாக நிற்பர். அப்பொறுப்பாளியின் பெயரிலேயே விசா பிறக்கிறது. அதன்மேல் வதிவிட அட்டை பிறக்கிறது. அவ்வட்டையின்மேல் வங்கிக் கணக்கு, வைத்தியசாலை, ரெலிபோன் இலக்கம் யாவும் நிற்கின்றன. ஆகவே வேலை போனால் வதிவிட உரிமையும் ஆட்டங்காணும். பழைய நாட்களில், பொறுப்பாளி ஆட்சேபமில்லை என்று எழுதிக்கொடுத்தாலன்றி வேறிடம் போக இயலாது. சில நாடுகளில் அவர் கையொப்பமின்றி ஊருக்கு விமானம் ஏறவும் இயலாது. கேளாமல் வெளியேறியவன் மீது ‘ஓடிப்போனவன்’ என்ற முறைப்பாடு விழும். அதன் பின் அவன் குற்றவாளி; பிடிபட்டால் தடுப்புமுகாம், அப்பால் நாடுகடத்தல்.

“அப்பிடியெண்டால் அவன் மாறேலாதோ?” என்றார் தாயார். மாறலாம் என்பதே நம் விடை. கட்டாரிலே சட்டம் மாறியிருக்கிறது. அது அந்த வீட்டிலே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. உயர்தர வகுப்பில் வர்த்தகம் படிக்கும் தங்கை மட்டும், “நான் அப்பவே தேடிப் பாக்கச் சொன்னனான்” என்று முணுமுணுத்தாள். அவளையே கொப்பியும் பேனாவும் எடுத்துவரச் செய்து, நாம் கூறக்கூற எழுதவைத்தோம்.

2018ஆம் ஆண்டிலே கட்டார் அரசு பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதிச் சீட்டை நீக்கிற்று; 2020 ஜனவரியில் வீட்டுப் பணியாளருக்கும் அந்நீக்கம் விரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வந்த சட்டங்கள் இரண்டு காரியங்களைச் செய்தன. பழைய எஜமானின் ஆட்சேபமின்மைக் கடிதம் இல்லாமலே தொழிலாளி வேறு எஜமானிடம் மாறலாம் என்பது ஒன்று. வீட்டுப் பணியாளரும் இதனுள் அடங்குவர். எல்லோர்க்கும் ஒரே குறைந்தபட்சச் சம்பளம் என்பது மற்றொன்று. அது 2021 மார்ச் 20ஆந் திகதி நடைமுறைக்கு வந்தபோது மாதம் 1,000 றியாலாக இருந்தது; தங்குமிடமும் உணவும் கொம்பனி கொடாவிடின் முறையே 500 றியாலும் 300 றியாலும் மேலதிகமாகக் கொடுக்கவேண்டும்.

மாறுவதற்கு ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு வருடம் வரை வேலை செய்தவன் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு மேற்பட்டவன் இரண்டு மாத முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும். குருநகர்ப் பிள்ளைக்கு இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகிவிட்டபடியால் இரண்டு மாதம் என்று தங்கை தானே கணக்கிட்டாள். அறிவித்தலை வாய்ப்பேச்சாகக் கொடுத்தாற் போதாது. தொழில் அமைச்சின் இணையச் சேவையிலே பதியவேண்டும். பழைய ஒப்பந்தத்தின் பிரதியும் புதிய எஜமான் கையொப்பமிட்ட வேலைக் கடிதமும் அதனோடு செல்லவேண்டும். ரெலிபோனுக்கு அமைச்சின் குறுஞ்செய்தி வரும். முன்னறிவித்தற் காலம் முடிந்தபின் புதிய ஒப்பந்தத்தை அமைச்சு உறுதிப்படுத்த, உள்நாட்டமைச்சு புதிய எஜமானின் பெயரில் வதிவிட அட்டை வழங்கும். இன்னும் பரீட்சார்த்த காலத்தில் இருப்பவன் மாறினால், ஆளெடுத்த செலவில் ஒரு பங்கைப் புதிய எஜமான் பழையவருக்கு ஈடுசெய்யவேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இவ்வளவும் கேட்டபின் பாட்டனார் கேட்டார்: “அப்ப அந்த ரெண்டு மாசமும் பழைய இடத்திலைதான் வேலை செய்யவேணுமோ?” ஆம் என்றோம். “அதுதான் சரி. ஒரு வள்ளத்திலையிருந்து மற்ற வள்ளத்துக்குக் கால் மாறேக்க, ரெண்டையும் அணைச்சுப் பிடிச்சுப்போட்டெல்லோ கால் எடுக்கவேணும்?”

அந்த இரவுநண்பனின் யோசனையிலே உள்ள ஆபத்து இதுவே. இரண்டு மாதம் பொறுத்து, பதிந்து, மாறினால் அது உரிமை. அதே மனிதன், அதே பண்டகசாலைக்கு, அதே சம்பளத்துக்கு இன்றிரவு போனால் அது குற்றம். போனபின் பழைய கொம்பனி ஓடிப்போனவன் என்று முறைப்பாடு செய்தால், சம்பளப் பாக்கியைக் கேட்கும் துணிவும் அவனுக்கு இராது. ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவனுக்கு, செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம் வேலை முடிவிலே கிடைக்கவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கூறுகிறது. தலைமறைவாக இருப்பவன் அதைக் கேட்க எந்த வாசலிற் போய் நிற்பான்?

சட்டத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் நாம் வாசகருக்கு உண்மை சொன்னவர்களாக மாட்டோம். ஆட்சேபமின்மைக் கடிதம் ஒழிந்த பின்பும், பழைய எஜமானின் முத்திரை குத்திய விலகற் கடிதத்தைக் கேட்கும் பழக்கம் அங்கே தொடர்ந்ததெனத் தொழிலாளர் உரிமைகளை ஆராயும் சர்வதேச அமைப்புகள் எழுதியுள்ளன. மாற விண்ணப்பித்தவன் மீது பழிவாங்கும் எண்ணத்தோடு ஓடிப்போனதாக முறைப்பாடு செய்த எஜமானர்களும் உண்டு. அதனாலேயே வங்கிச் சம்பளப் பதிவு, ஒப்பந்தம், அமைச்சின் குறுஞ்செய்தி ஆகியவற்றின் படங்களை அன்றன்றே வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி கூறினோம். கடவுச்சீட்டைக் கொம்பனி தன் பெட்டியிற் பூட்டி வைப்பதும் கட்டாரில் தண்டத்துக்குரிய குற்றம். ஆயினும், “பத்திரமாக இருக்கட்டும்” என்று தாமே அதைக் கொடுத்துவிட்டு வரும் நம்மவர் தொகை பெரிது.

‘பிறீ விசா’ என்ற பெயரைக் கேளாத வீடு நம் நாட்டில் அரிது. பணத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் பெயரளவிலே பொறுப்பாளியாக நிற்பார்; வந்தவன் விரும்பிய இடத்தில் வேலை தேடிக்கொள்ளலாம் என்பர் முகவர். இதிலே ‘பிறீ’யும் இல்லை, அப்பெயரில் விசாவும் இல்லை. பொறுப்பாளியின்கீழ் வேலை செய்யாமல் பிறரிடம் வேலை செய்வதே அங்கெல்லாம் சட்டமீறல். முதல் நாளே குற்றத்தோடு தொடங்கும் வாழ்க்கை அது. இதற்காகக் காணி ஈடு வைத்தவர்களை நாம் அறிவோம்.

ஏனைய நாடுகள் ஒரே தாளத்தில் நடக்கவில்லை. பஹ்ரேன் 2009ஆம் ஆண்டிலேயே முன்னோடியாக எஜமான் மாறும் உரிமையைக் கொடுத்து, 2011ஆம் ஆண்டில் ஒரு வருடமேனும் முதலிடத்தில் இருக்கவேண்டும் என்று அதை ஒடுக்கிற்று. ஓமானிலே 2021 ஜனவரி முதல், ஒப்பந்தம் முடிந்தவன் ஆட்சேபமின்மைக் கடிதமின்றி மாறலாம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிற் சட்டப்படி 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மேற்படாமலும் முன்னறிவித்தல் இருக்கும். சவூதி அரேபியாவிலே 2021 மார்ச் 14ஆந் திகதி தொடங்கிய சீர்திருத்தம், ஒரு வருடம் முடித்தவன் 90 நாள் அறிவித்தலோடு தனியார் நிறுவனத்திலிருந்து மாற வழிவிட்டது; மூன்று மாதம் தொடர்ந்து சம்பளம் கொடுபடாவிடின் அவ்வளவு காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் வீட்டுப் பணியாளர், வீட்டுச் சாரதிகள், தோட்டக்காரர், மேய்ப்பர் ஆகியோரை அச்சீர்திருத்தம் வெளியே நிறுத்திவிட்டது.

இங்கே சற்று நின்று பார்க்கவேண்டும். இலங்கையிலிருந்து வளைகுடாவுக்குப் பல்லாண்டுகளாகச் சென்றோருள் பெருந்தொகையினர் வீட்டுப் பணிப்பெண்கள். கொம்பனித் தொழிலாளிக்கு முகாமிலே பத்து நண்பர் உண்டு. பணிப்பெண்ணுக்கு எஜமானின் வீடே வேலைத்தலம், அதுவே விடுதி, சில வேளை அதுவே சிறை. நாம் பேசிக்கொண்டிருந்தபோது தொடர்மாடி வீட்டிலிருந்து வந்த அயலவர் ஒருவர், முன்னொரு காலத்தில் குவைத்திலே பணிப்பெண்ணாக இருந்தவர், வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரிஞ்ச வழி ரெண்டுதான். ஒண்டு பொறுத்திருக்கிறது, மற்றது தூதரகத்துக்கு ஓடுறது. வேற வீடு மாறலாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை” என்றார். அவர் ஓடியவர். ஏழு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, கட்டியிருந்த உடையோடு தூதரகத்தின் அடைக்கல விடுதியை அடைந்து, அங்கிருந்து ஊர் திரும்பினார். இன்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையாக அதைச் சிரித்துக்கொண்டே கூறினார். அந்த ஏழு மாதச் சம்பளத்தின் தொகையை மட்டும் சதம் பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறார்.

மாணவ வாசகர்கள், இது பாலைவன நாட்டு வழக்கம் என்று எண்ணி அலட்சியஞ் செய்தலாகாது. இங்கிலாந்திலே திறமைசார் தொழில் விசா பெற்றவருக்கும் ஒரு பொறுப்பு நிறுவனம் உண்டு. வேறு நிறுவனம் செல்வதாயின், அந்நிறுவனம் புதிய பொறுப்புச் சான்றிதழ் வழங்க, புதிதாக விண்ணப்பித்து, அனுமதி கிடைத்த பின்னரே புதிய வேலையைத் தொடங்கலாம். பொறுப்பு நிறுவனத்தின் உரிமமே பறிபோனால், குற்றமற்ற தொழிலாளிக்கும் வழக்கமாக 60 நாட்தான் தவணை. முதியோர் பராமரிப்பு வேலைக்கென்று பெருந்தொகை கொடுத்துச் சென்ற நம் பிள்ளைகள் சிலர் இந்த 60 நாட் கணக்கை அங்கே போன பின்னரே கற்றனர். வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளரை எடுக்கும் அவ்வழி 2025 ஜூலை 22ஆந் திகதி மூடப்பட்டுவிட்டது. இன்னும் அந்தப் பெயரிற் காசு கேட்போரைக் கண்டால் விலகிக்கொள்க. தென்கொரியாவிலே மீன்பிடித் துறைக்கும் இலங்கையரை எடுக்கிறார்கள் என்பதைக் குருநகரார் நன்கறிவர். அங்கே முதல் மூன்று வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வேலைத்தலம் மாற முடியாதென்பது பொது விதி. கனடாவோ, எஜமானின் கொடுமைக்கு ஆளாகும் தொழிலாளி வேறெவரிடமும் வேலை செய்யத்தக்க திறந்த அனுமதியொன்றை 2019ஆம் ஆண்டு ஜூன் முதல் வழங்குகிறது. பிற நாடுகளும் கைக்கொள்ளவேண்டிய நல்ல ஏற்பாடு இது என்பது நம் கருத்து.

புறப்படுமுன் செய்யவேண்டியதைப் புறப்பட்ட பின் செய்வது கடினம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலே பதிந்து செல்பவனுடைய ஒப்பந்தம் அரச ஏட்டிலே இருக்கும். இடர் நேரும்போது 1989 என்ற இலக்கத்துக்கு வீட்டாரும் அழைத்து முறையிடலாம். சுற்றுலா விசாவிற் சென்று அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனவனுக்கு அந்த ஏடும் இல்லை.

இருட்டும் நேரத்தில் மகன் ரெலிபோன் எடுத்தான். தங்கை தன் கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாள். அவன் நடுவிலே இரண்டு முறை கோபித்தான். “ரெண்டு மாசம் பொறுக்க அந்தப் பண்டகசாலைக்காரன் விடுவானோ?” என்பது அவன் கேள்வி, நியாயமான கேள்விதான். அதை அவரிடமே கேட்டு, சம்மதமெனில் கையொப்பமிட்ட கடிதமாகவே வாங்கும்படி சொன்னோம். எழுத்திலே தரமாட்டேன் என்பவரிடம் போவதில்லை என்று அவனே கூறினான். தாயார் அதன் பின்னரே ரெலிபோனை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

மூன்று கிழமை கழிந்து நாம் மறுபடியும் அப்பக்கம் சென்றபோது கடிதம் வந்திருந்தது. சம்பளம் 1,500 என்று நண்பன் சொன்னது எழுத்திலே 1,350 ஆக இருந்தது, உணவுப்பணம் தனி. அதையும் ஏற்றுக்கொண்டு அமைச்சிலே பதிந்துவிட்டான். குறுஞ்செய்தியின் படமும் வந்திருந்தது. விசித்திரம் யாதெனில், பதிந்த செய்தி போனதும் பழைய கொம்பனி அம்மாதச் சம்பளத்தை உரிய நாளிலே வங்கியில் இட்டுவிட்டதாம்.

புதிய இடத்திலே காலடி வைக்க இன்னும் ஐந்து கிழமை இருக்கின்றன. தங்கை கடிதத்தையும் குறுஞ்செய்தியையும் சந்தியிலுள்ள கடையிலே அச்சிட்டு வந்தாள். பாட்டனார் கண்ணாடியை அணிந்துகொண்டு, அரபு எழுத்தைத் தலைகீழாகப் பிடித்துச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு தாயார் அவ்விரண்டு தாளையும் வாங்கி மடித்து, நகை அடகுச் சீட்டுகள் இருந்த தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.